காலையில் அமுக்கும் பொத்தான்

போன வாரம் பெரிய கம்பெனியின் வேலை உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு நம் குணசேகர் தரையில் கால் பாவாமல் நடந்தான் அல்லவா, இந்த வாரம் அவனைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டியிருக்கிறது. பழியை என்மேல் போடாதீர்கள். அவன் செய்த வேலைதான் அவனை இறக்கியது.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு முனிகிருஷ்ணன், மனைவி தமயந்தியையும் பிள்ளைகள் குணசேகர், வனஜா இருவரையும் அழைத்துக்கொண்டு பெங்களூர் நீலசந்திராவுக்குக் குடிவந்தார். மகன் இன்ஜினியரிங் முடித்திருந்தான். ஆனால் அது அமெரிக்காவில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்துகொண்டிருந்த நேரம். எந்தப் படி ஏறினாலும் "அனுபவம் உண்டா?" என்றார்கள். அனுபவம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் காமாட்சிபாளையாவில் ஒரு தகரக் கொட்டகையில் எலக்ட்ரானிக் தராசு செய்துகொண்டிருந்த ரங்கா அவனைச் சேர்த்துக்கொண்டார்.

அது என்ன வேலை என்று வீட்டில் விளங்கவைப்பதற்குள் குணாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சாஃப்ட்வேர் என்கிறான், கையில் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோல் பட்ட கொப்புளத்தோடு வருகிறான், இதென்னடா கூத்து என்று தமயந்தி குழம்பினாள். எந்திரத்துக்குள் ஒரு சின்ன சிப்பு இருக்கும், அது எப்படி நடக்க வேண்டும் என்று நான்தான் எழுதி வைப்பேன் என்றான் மகன். முனிகிருஷ்ணன் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து தெருவில் யார் கேட்டாலும், "எம்பையன் மிசினுக்கு மூள வெக்கிறவன்" என்பார்.

அந்தத் தராசுதான் குணாவுக்குச் சோறு போட்டது, அதுதான் இப்போது பெரிய இடத்துக்குக் கதவையும் திறந்துவிட்டது. கார்களுக்கு எலக்ட்ரானிக் கருவிகள் செய்கிற கம்பெனி. ஜனங்கள் கையில் ஓடிக்கொண்டிருக்கிற பொருள் ஏதாவது செய்திருக்கிறாயா என்று அங்கே கேட்டபோது, தராசைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினான். வேலை கிடைத்தது. இனி ரங்கா, இவனை வேலையிலிருந்து விடுவித்தாயிற்று என்கிற ரிலீவிங் லெட்டரில் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அதை வெள்ளிக்கிழமை சாயந்திரம் தருவதாகச் சொல்லியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் முனிகிருஷ்ணன் சாப்பாட்டுத் தூக்கை மறந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

கடை என்றால் பழைய பேப்பர், அட்டை, இரும்பு எடைக்கு வாங்குகிற கோவிந்தப்பாவின் குஜரிக் கடை. சுரங்கத்தில் டிரில் பிடித்த மனிதர் அங்கே எடை போடும் ஆளாக வேலைக்குச் சேர்ந்திருந்தார். குணா இதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கொட்டகையில் உடன் வேலை செய்பவர்களிடம் அப்பா மைன்ஸில் ரிட்டயர் ஆனவர் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான். "கடைக்கு ஒரு வாட்டி வாடா, ஒண்ணு காட்டணும்" என்று அப்பா பல மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலாளிக்கு அறிமுகம் செய்துவைக்கப் பார்க்கிறார் என்று நினைத்து இவன் ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவினான்.

"அப்பன் சோறு துன்னாத கெடந்தா உனக்கு இன்னா பெரிய கம்பெனி?" என்றாள் தமயந்தி. தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதாயிற்று.

கடையை அப்போதுதான் திறந்திருந்தார்கள். அட்டைக் கட்டுகளுக்கு நடுவில் நின்றிருந்த முனிகிருஷ்ணன் மகனைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்.

மேஜைமேல் இருந்தது அவனுடைய தராசு. தட்டு பளபளவென்று துடைத்திருந்தது. எண்கள் தெரியும் பெட்டிக்கு மேலே, நெற்றியில் வைக்கிற மாதிரி ஒரு குங்குமப் பொட்டு.

"யாரு செஞ்சதுன்னு தெரியுதா?" என்றார் முனிகிருஷ்ணன்.

பழைய தொங்கு தராசு கெட்டுப்போனபோது, மகனுடைய கம்பெனி பெயரைச் சொல்லி இதை வாங்க வைத்ததே இவர்தான். மகனைக் கடைக்கு வரவழைத்து நேரில் காட்டவேண்டும் என்று வீட்டில் சொல்லாமல் அடக்கி வைத்திருந்திருக்கிறார். பாவம், எத்தனை மாதம் அடக்கியிருப்பார். இந்த மனிதரைப் போய் ஒளித்து வைத்தோமே என்று குணா நினைத்தான்.

அப்பா ஸ்விட்சைப் போட்டார். சிவப்பு எழுத்தில் கம்பெனி பெயர் ஓடி, பிறகு பூஜ்யங்கள் வந்து நின்றன. அந்த வரிசையும் குணா எழுதியதுதான்.

"இரு, இன்னும் முழிச்சிக்கல" என்றார் முனிகிருஷ்ணன். கடைசிப் பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அழுத்திப் பிடித்தார். விடவில்லை. தராசு பீப் என்றது. விரலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மொதலாளி சொல்லிக் குடுத்தாரு. தெனம் காலைல இத்த அமுக்கினாத்தான் மிசினு சரியா வேல செய்யுமாம். வேற யாரையும் நான் தொட வுடறதில்ல."

குணாவின் முகத்தில் ஈயாடவில்லை.

அந்தப் பொத்தான் தராசை எழுப்புகிற பொத்தான் இல்லை. அதை அப்படிப் பீப் சத்தம் வரும்வரை பிடித்தால், அதற்குப் பிறகு தட்டில் எதை வைத்தாலும் தராசு பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக் காட்டும். மின்சாரம் நின்றால் யோக்கியமாகிவிடும். எடை ஆய்வாளர் வந்தால் ஸ்விட்சை ஒரு தரம் அணைத்துப் போட்டால் போதும், அரிச்சந்திரனாக நிற்கும். அதனால்தான் காலைதோறும் மறுபடி அழுத்த வேண்டும். இதெல்லாம் குணாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். எழுதியவனே அவன்தான்.

அப்பா பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். நேற்றுக் கடையில் பெரிய சண்டையாம். பாக்கியராஜ் பெண்சாதி கிருஷ்ணம்மாள் இருக்கிறாளே, அவள் கிளப்பியதாம். பாக்கியராஜ் சுரங்கத்தில் முனிகிருஷ்ணனோடு ஒரே குழுவில் வேலை பார்த்தவர், நெஞ்சில் தூசு அடைத்துப் போய்ச் சேர்ந்தார். கிருஷ்ணம்மாள் கடைகடையாக ஏறி அட்டைப் பெட்டி பொறுக்கிக் கொண்டுவந்து இங்கேதான் போடுகிறாள். போன வாரம் இந்தக் கடை பூட்டியிருந்த நாளில் ஒரு அட்டைக் கட்டை விவேக் நகர்க் கடையில் போட்டிருக்கிறாள், அதே மாதிரிக் கட்டு அங்கே எடை கூடுதலாக நின்றிருக்கிறது. நேற்று வந்து எல்லார் முன்னாலும், உன் மிஷின் தின்கிறது என்று சொல்லிவிட்டாள்.

"எனக்கு ரத்தம் கொதிச்சிப்போச்சி குணா. நீ அட்டையில தண்ணி தெளிச்சிக் கொண்டாற, அதான் ஒரு நாளைக்கு ஒரு எடை வருதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். அழுதுகினே போனா. கற்பூரம் அணைப்பியான்னு கேட்டா. அணைக்கிறேன்னேன். சாயந்திரம் மாரியம்மன் கோயில் நடை தொறந்ததும் அணைக்கிறேன்."

முனிகிருஷ்ணன் எத்தனையோ வருடம் தங்கத்துக்கு நடுவில் கிடந்தவர். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து மேலே ஏறி வரும்போது வாசலில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், காவலாளி உடம்பெல்லாம் தடவிப் பார்ப்பான். அது உங்களுக்கு அவமானமாக இல்லையா என்று ஒரு தடவை வனஜா கேட்டதற்கு, பையில் ஒன்றும் இல்லாதவனுக்கு என்ன அவமானம் என்று சிரித்தார். அப்படிப்பட்டவர் தெய்வத்தின் முன்னால் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யப் போகிறார். பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்று நம்புகிற ஆள்.

இப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால் அந்தக் குங்குமப் பொட்டைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நேரமாகிறது என்று முனகிவிட்டு, தூக்கை மேஜைமேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான். நல்ல பிள்ளை.

மார்க்கெட்டில் இறங்கி பஸ் மாறும்போதும் அவன் நினைவெல்லாம் அந்தப் பொத்தானை எழுதிய நாளில்தான் இருந்தது. கொட்டகையில் சேர்ந்த புதிது. ரங்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு டீலர் கேட்கிறான், இந்த மாதிரி ஒரு வசதி வைக்க முடியுமா என்றார். தப்பில்லையா சார் என்று இவன் கேட்கத்தான் செய்தான். "நோடு குணா, இங்க பாரு, நாம பட்டன் வைக்கிறோம். அமுக்குறதும் அமுக்காததும் அவங்க இஷ்டம். பாவம் அமுக்குறவனுக்கு" என்றார் ரங்கா. அந்தப் பதில் இவனுக்கும் சௌகரியமாக இருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. அவனைக் குத்திக் குடைந்தது வேறொன்று. அன்றைக்கு அந்த வேலை அழகாக அமைந்துவிட்டது. சிப்பில் மிச்சமிருந்த கொஞ்சூண்டு இடத்தில் அத்தனையையும் அடக்கி, முதல் தடவையிலேயே ஓடவைத்தான். ரங்கா முதுகில் தட்டி, உனக்குக் கை வந்துவிட்டது என்றார். அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்கு ஜிலேபி வாங்கிப் போனான். முதல் துண்டை அப்பா வாயில்தான் வைத்தான்.

மத்தியானம் ரங்கா வந்ததும் விஷயத்தைச் சொன்னான். ரங்கா முதலில் சிரித்தார். உங்கப்பாவை அமுக்க வேண்டாம் என்று சொல்லிவிடு, முடிந்தது என்றார். பிறகு சிரிப்பு நின்றது. விற்ற இடத்தில் போய் யாராவது வாய்விட்டால் கொட்டகைக்கே பூட்டு விழும் என்றும், லெட்டர் டைப் ஆகித் தயாராக இருக்கிறது என்றும், சாயந்திரம் வரைக்கும் இவன் இங்கேயே இருந்தால் இருவருக்கும் நல்லது என்றும் அடுத்தடுத்து மூன்றையும் ஒரே குரலில் சொன்னார். சொல்லாமல் விட்டது குணாவுக்கு நன்றாகவே புரிந்தது.

லெட்டர் இல்லாமல் புதிய கம்பெனி உள்ளே விடாது. புதிய கம்பெனி இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து அதே படிகள், அதே கேள்வி. அதோடு இந்தத் தடவை, முன்பு வேலை செய்த இடத்தில் விசாரிக்கவும் செய்வார்கள். ஒரு மணிநேரம் மேஜைமேல் இருந்த சர்க்யூட் போர்டை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்பா ஒரு தரம் கற்பூரத்தை அணைத்தால் என்ன, யாருக்குத் தெரியப் போகிறது என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. வந்ததே, அதுதான் அவனை எழுப்பிவிட்டது. ரங்கா போன் பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே வந்து ஆட்டோவில் ஏறினான்.

கோயில் வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. கடைக்கு அட்டை போடுகிற பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். கோவிந்தப்பா தன் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு நின்றார். கிருஷ்ணம்மாள் ஒரு ஓரமாக முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முனிகிருஷ்ணன் குளித்த ஈரத்தோடு வேட்டி கட்டி, கல்படிமேல் கட்டிக் கற்பூரத்தை ஏற்றிவிட்டு அம்மனைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கை இறங்கப் போகிற நேரம்.

"அப்பா, அணைக்காத" என்றான் குணா.

எல்லாரும் திரும்பினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் முன்னால் வந்தான்.

"கிருஷ்ணம்மா அத்த சொல்றது நிஜம். மிசினு பொய் சொல்லுது. அதுல ஒரு பட்டன் இருக்குது. அமுக்கினா கொறச்சிக் காட்டும்."

கிருஷ்ணம்மாள் வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். கோவிந்தப்பா கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். தனக்கு ஒன்றும் தெரியாது, கம்பெனிக்காரன் கொடுத்ததுதான் என்று சொன்னதாகப் பிறகு பேசிக்கொண்டார்கள்.

முனிகிருஷ்ணன் ஒரு கணம் ஒன்றும் விளங்காமல் நின்றார். அப்புறம், நீங்கள் நம்பமாட்டீர்கள், அவர் முகம் தெளிந்தது. "பாத்தியா கிருஷ்ணம்மா" என்றார். "உன்ன தப்பா பேசிட்டேன், என்ன மன்னிச்சிடு. ஆனா பாத்தியா, தெரிஞ்சதும் எம்பையன் வேலய வுட்டுட்டு ஓடியாந்திருக்கான். அந்த ரங்கா கம்பெனியில எவனோ பண்ண திருட்டு வேல."

கூட்டத்தில் ஒருத்தி, உன் மகன் கம்பெனிதானே, மூளை வைத்தது அவன்தானே என்று சத்தமாகவே கேட்டாள். அதற்கும் முனிகிருஷ்ணன் கோபப்படவில்லை. மகனுடைய கையைப் பிடித்து இழுத்து, கற்பூரத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"நான் சொன்னா ஏத்துக்க மாட்டாங்க. நீயே அணைச்சிடுடா. இத நான் எழுதலன்னு சொல்லி அணைச்சிடு, வூட்டுக்குப் போலாம்."

குணா குனிந்தான். உள்ளங்கையைக் கற்பூரத்துக்கு மேலே கொண்டுபோனான். சூடு ஏறியது. ஒரு அடி அடித்தால் அணைந்துவிடும். அப்பா தலை நிமிர்ந்து தெருவில் நடப்பார், லெட்டர் வரும், வேலை வரும், தங்கைக்கு நல்ல இடம் வரும். எழுதியது யார் என்பது ரங்காவுக்கும் இவனுக்கும் அம்மனுக்கும் மட்டும்தான் தெரியும். கை அங்கேயே நின்றது. இறங்கவில்லை.

கற்பூரம் எரிந்து எரிந்து சிறுத்தது. சுடர் படியோடு ஒட்டிக் குட்டையாகி, ஒரு தரம் நெளிந்து, தானாகவே அணைந்தது. கல்லில் ஒரு கறுப்புத் திட்டு இருந்தது. குணா கையை இழுத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி நின்றான். அப்பாவின் ஈர வேட்டி விளிம்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது.

முனிகிருஷ்ணன் மெதுவாகக் கேட்டார்.

"எந்தப் பட்டன்டா? தெனம் காலைல நான் அமுக்குறனே, அதுவா?"

ஆமாம் என்று குணா தலையை ஆட்டினான்.

முனிகிருஷ்ணன் தன் கட்டைவிரலைப் பார்த்தார். வேட்டியில் துடைத்தார், மறுபடி பார்த்தார். பிறகு கிருஷ்ணம்மாள் பக்கம் திரும்பி, சுரங்க வாசலில் காவலாளிக்கு முன்னால் நிற்பதுபோல இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார். அவள் பதறிப்போய், "வேணாண்ணா, கைய எறக்குண்ணா" என்றாள். அவர் இறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்தா வனஜா வரவேண்டும்? மூச்சிரைக்க ஓடிவந்தாள். எஸ்டிடி பூத்துக்கு ரங்கா சார் போன் செய்தாராம், லெட்டரில் கையெழுத்துப் போட்டாயிற்றாம், வாயைக் கட்டிக்கொண்டு உடனே வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாராம். கோவிந்தப்பா இன்னும் ரங்காவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லவில்லை என்று தெரிந்தது. அது எவ்வளவு நேரத்துக்கு என்பது வேறு விஷயம். எல்லாவற்றையும் ஒப்பித்த பிறகுதான் அவள் அப்பாவின் கைகளைப் பார்த்தாள்.

முனிகிருஷ்ணன் மெதுவாகக் கையை இறக்கினார். "இன்னா லெட்டரு அது?" என்று மகனைக் கேட்டார். காலையிலிருந்து அப்பாவிடம் எத்தனையோ கேள்விகளை எதிர்பார்த்திருந்தான், இவ்வளவு சாதாரணமான ஒன்றை எதிர்பார்க்கவில்லை.

பொய் சொல்ல குணாவுக்குத் தெம்பு இல்லை. "நான் அங்க ஒழுங்கா, நல்லா வேல செஞ்சேன்னு எழுதிக் குடுப்பாங்கப்பா" என்றான்.

முனிகிருஷ்ணன் அதை மனதில் வாங்கிக்கொள்வதுபோலத் தலையை அசைத்தார்.

"சரி. போயி வாங்கினு வா. கிருஷ்ணம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நீயே அவளுக்குப் படிச்சிக் காட்டு."

சொல்லிவிட்டு அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். கிருஷ்ணம்மாளும் எழுந்து போகவில்லை.